மீன்களை மலடாக்கும் போலி ஹார்மோன்கள்

பூச்சிமருந்து கலந்த தண்ணீர் பள்ளத்திலோ குளத்திலோ இறங்கினால் மீன் செத்து மிதப்பதை விவசாயிகள் அறிவார்கள். மருந்து அடித்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டால், வடிகாலில் கெண்டைக் குஞ்சுகள் வயிறு காட்டிக் கிடக்கும். இது கண்ணுக்குத் தெரிகிற கேடு. இரண்டு மழை பெய்து தண்ணீர் தெளிந்தால் மேலிருந்து புதுமீன் வந்து சேரும். பள்ளம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேடு உண்டு. இதில் மீன் சாவதில்லை. நன்றாக நீந்துகிறது, இரை எடுக்கிறது, எடையும் வைக்கிறது. வலையில் விழுந்தால் சந்தையில் நல்ல விலைக்கே போகும். ஆனால் அது வேண்டிய அளவு குஞ்சு விடுவதில்லை. ஆண்மீனின் இரத்தத்தில் முட்டைக்கருவுக்கு உரிய சத்து காணப்படுகிறது. அறுத்துப் பார்த்தால் விந்துப்பைக்குள்ளேயே முட்டைகள் இருக்கின்றன. தண்ணீரில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள சில இரசாயனங்கள், மீனின் உடலில் இயற்கையாக ஊறும் ஹார்மோனைப் போல நடித்து இந்த வேலையைச் செய்கின்றன. ஆற்று மீன், கடல் மீன் இரண்டிலும் இது கண்டறியப்பட்டுள்ளது.

சத்தியிலிருந்து கடல் வரை

சத்தியமங்கலத்து விவசாயிக்குக் கடல் மீனின் பிள்ளைப்பேற்றைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பவானி ஆறு சத்தியமங்கலத்தைத் தாண்டி, கொடிவேரி அணை வழியாக ஓடி, பவானி கூடுதுறையில் காவிரியுடன் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலில் இறங்குகிறது. கீழ்பவானி வாய்க்கால் மட்டும் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. பாய்ந்த தண்ணீரில் ஒரு பங்கு கசிவுநீராகப் பள்ளங்களில் சேர்ந்து மீண்டும் ஆற்றுக்கே வருகிறது. வயலில் தெளித்ததும், தெளிப்பான் கழுவியதும், ஊர்ச் சாக்கடையும், சாயப்பட்டறைக் கழிவும் போய்ச் சேரும் வழி ஒன்றுதான்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காகவே இந்தத் தடை. இதனால் மீனவர் குடும்பங்கள் இரண்டு மாதம் வருமானத்தை இழக்கின்றன. மீனுக்கே முட்டையிடும் திறன் குறைந்துபோனால் இந்த இழப்புக்குப் பலன் குறைந்துவிடும். மடவை போன்ற மீன்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முட்டையிடுகின்றன. ஆறுகள் வயல்களையும் ஊர்களையும் கழுவிக்கொண்டு கழிமுகத்துக்கு வருவதும் அந்தக் காலத்தில்தான்.

பவானிசாகரில் வலை வீசிப் பிழைப்பவர்கள், பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டு வளர்க்கும் விவசாயிகள் ஆகியோருக்கும் இது நேரடியான விஷயம். தண்ணீர் முதலில் தொடுவது இவர்களுடைய மீனைத்தான்.

ஹார்மோன் என்பது என்ன?

மீன்குஞ்சுப் பண்ணைகளுக்குப் போயிருப்பவர்கள் ஊசி போட்டு முட்டையிடச் செய்வதைப் பார்த்திருக்கலாம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது முட்டையிடும். குளத்தில் அடைத்து வைத்தால் இடாது. 1957ம் ஆண்டு ஜூலை 10ந் தேதி ஒடிசாவில் டாக்டர் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, ஒரு மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியை எடுத்து அரைத்து, அந்தச் சாற்றை வேறு மீனுக்கு ஊசி மூலம் ஏற்றி முட்டையிட வைத்தார். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஒரு கிலோ எடையுள்ள மீனுக்குத் தேவைப்படும் சுரப்பியின் அளவு சில மில்லிகிராம். அதாவது ஒரு சிட்டிகை உப்பைவிட எவ்வளவோ குறைவு. அந்தச் சிறு அளவு உடலுக்குள் போனதும் சில மணி நேரத்தில் மீன் முட்டையிடுகிறது.

ஹார்மோனின் இயல்பு இதுதான். அது உணவு அல்ல, மருந்தும் அல்ல. உடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு அனுப்பும் உத்தரவு. உத்தரவு வந்தால் உறுப்பு வேலை செய்யும். வராவிட்டால் சும்மா இருக்கும். ஒவ்வொரு உத்தரவும் குறிப்பிட்ட உறுப்பில் உள்ள குறிப்பிட்ட பூட்டில்தான் நுழையும். பூட்டுக்குச் சாவி போல என்று வைத்துக்கொள்ளலாம். தொல்லை எங்கே வருகிறதென்றால், வேறு எதற்கோ செய்த இரசாயனம் ஒன்று தற்செயலாக அந்தச் சாவியின் வடிவில் அமைந்துவிடுகிறது. பூட்டுக்கு உண்மைச் சாவி எது, கள்ளச் சாவி எது என்று தெரியாது. திறந்துவிடுகிறது. சில இரசாயனங்கள் பூட்டுக்குள் போய் மாட்டிக்கொள்கின்றன; திறப்பதும் இல்லை, உண்மைச் சாவியை உள்ளே விடுவதும் இல்லை.

செடிகளில் இதை விவசாயிகள் நேரில் பார்த்திருக்கிறார்கள். 2,4-டி என்னும் களைக்கொல்லி, செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடித்தே களையைக் கொல்கிறது. கரும்புக்காட்டிலோ சோளக்காட்டிலோ அதை அடிக்கும்போது காற்று வாக்கில் கொஞ்சம் பக்கத்துப் பருத்திக்குப் போனால் என்ன ஆகிறது? பருத்திச் செடி சாவதில்லை. இலை விரல் விரலாகச் சுருங்கி, வெண்டை இலை போலக் கோணலாகிவிடும். காய்ப்பும் கெடும். கண்ணுக்குத் தெரியாத சாரல் அளவே அதற்குப் போதும். மீனுக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுவே.

ஆண்மீனில் முட்டைக்கரு

பெண்மீன் பருவம் அடைந்ததும் அதன் சினைப்பையில் பெண் ஹார்மோன் ஊறுகிறது. அது இரத்தத்தின் வழியே ஈரலுக்குப் போய், முட்டைக்கருவுக்கான சத்தைத் தயார் செய் என்று உத்தரவிடுகிறது. ஈரல் தயாரிக்கும் அந்தச் சத்துக்கு விட்டலோஜெனின் என்று பெயர். அது இரத்தத்தில் கலந்து சினைப்பைக்கு வந்து முட்டையில் சேர்கிறது.

ஆண்மீனின் ஈரலுக்கும் இந்த வேலை தெரியும். உத்தரவு வராததால் செய்வதில்லை, அவ்வளவுதான். தண்ணீரில் பெண் ஹார்மோனைப் போன்ற பொருள் இருந்தால் அது செவுள் வழியாகவும் இரை வழியாகவும் உள்ளே போகிறது. ஆண்மீனின் ஈரல் முட்டைக்கருச் சத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சத்தை வாங்கிக்கொள்ள அங்கே சினைப்பை கிடையாது. அது இரத்தத்திலேயே தேங்கி, அளவு மீறினால் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஆண்மீனின் இரத்தத்தில் விட்டலோஜெனின் இருந்தால் அந்தத் தண்ணீரில் போலி ஹார்மோன் இருக்கிறது என்று பொருள். ஆராய்ச்சியாளர்கள் பார்க்கும் முதல் அடையாளம் இது.

குஞ்சுப் பருவத்தில் பாதிப்பு இன்னும் அதிகம். பல மீன்களில் ஆண், பெண் என்பது கருவிலேயே முற்றாக உறுதிப்பட்டுவிடுவதில்லை. ஜிலேபி மீன் வளர்ப்பவர்களில் பலருக்கு இது தெரியும். ஆண் ஜிலேபி சீக்கிரம் எடை வைக்கும் என்பதால், பல நாடுகளின் பண்ணைகளில் பொரித்த குஞ்சுகளுக்கு மூன்று நான்கு வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கிவிடுகிறார்கள். கடல் மீன்களில் இயற்கையே இந்த மாற்றத்தைச் செய்வதும் உண்டு. கொடுவா முதலில் ஆணாக இருந்து சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறுகிறது. களவா முதலில் பெண், பிறகு ஆண். இவ்வளவு எளிதில் வளையும் உடலமைப்புக்குத் தண்ணீரிலிருந்து தவறான உத்தரவு வந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம்.

இங்கிலாந்தில் கண்டது

இந்தக் கேடு முதலில் தெளிவாகத் தெரிந்தது இங்கிலாந்து ஆறுகளில். லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றுப் பகுதியில், நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தேக்கி வைக்கும் குட்டைகளில், ஆணும் பெண்ணும் கலந்த மீன்கள் இருப்பது 1970களின் பிற்பகுதியில் தெரியவந்தது. பின்னர் விஞ்ஞானிகள் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் அடைத்து, கழிவுநீர் வெளியேறும் இடங்களில் சில வாரம் ஆற்றிலேயே வைத்துப் பார்த்தனர். அவற்றின் இரத்தத்தில் முட்டைக்கருச் சத்து ஆயிரக்கணக்கான மடங்கு பெருகியது. 1998ம் ஆண்டு வெளியான ஆய்வில், ரோச் என்னும் கெண்டை இனத்து மீன் பல ஆறுகளில் சோதிக்கப்பட்டது. சில இடங்களில் பிடித்த ஆண்மீன் ஒவ்வொன்றின் விந்துப்பையிலும் முட்டையோ பெண் உறுப்பின் கூறோ இருந்தது.

கழிவுநீரில் என்ன இருந்தது? பெண்களின் சிறுநீரோடு வெளியேறும் இயற்கை ஹார்மோன், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஹார்மோன் ஆகியவையே பெரும் காரணம் என்று தெரிந்தது. ஆனால் யார்க்ஷயர் பகுதியின் ஏர் ஆற்றில் காரணம் வேறு. அங்கே கம்பளி கழுவும் ஆலைகளில் அழுக்கு நீக்கப் பயன்படுத்திய ஒருவகைச் சோப்புத் திரவம் சிதைந்து நோனைல்ஃபீனால் என்னும் பொருளாக ஆற்றில் கலந்தது. அது பெண் ஹார்மோனைப் போல நடிக்கும். கூண்டில் வைத்த ஆண் டிரவுட்டின் விந்துப்பை வளர்ச்சி குன்றியது. ஆலைகள் அந்தச் சோப்பைக் குறைத்தபின் ஆற்றின் நிலை தேறியது. துணி நெய்து சாயமிடும் நம் மாவட்டங்களுக்கு இது பொருத்தமான உதாரணம்.

ஆற்றோடு இது நிற்கவில்லை. 1990களில் இங்கிலாந்தின் டைன், மெர்சி ஆகிய கழிமுகங்களில், நம் கடற்கரையில் நாக்கு மீன் என்று விற்கும் மீனைப் போன்ற தட்டை மீன்களைப் பிடித்துச் சோதித்தனர். அவை கடலில் முட்டையிட்டு, கழிமுகத்துச் சேற்றில் மேய்ந்து வளர்பவை. அவற்றிலும் ஆண்மீனின் இரத்தத்தில் முட்டைக்கருச் சத்து காணப்பட்டது. மெர்சியில் பிடித்த சில ஆண்களின் விந்துப்பையில் முட்டைகள் இருந்தன. பிற்காலத்தில் மத்தியதரைக் கடலின் வாள்மீனிலும், அமெரிக்காவின் மேற்குக் கரையில் நகரை ஒட்டிய கடலில் வாழும் தட்டை மீனிலும் இதே அடையாளம் தெரிந்தது.

ஒரு ஏரியில் செய்த சோதனை

ஆண்மீனில் முட்டை இருந்தால் மட்டும் மீன் இனம் குறைந்துவிடுமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. இதைத் தீர்க்கக் கனடாவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளிலும் கருத்தடை மாத்திரையின் செயற்கை ஹார்மோனைக் கலந்தனர். அளவு, 100 கோடி லிட்டர் தண்ணீருக்கு ஐந்து, ஆறு கிராம். இது எவ்வளவு என்பதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பவானிசாகர் அணை நிரம்பி நிற்கும்போது அதில் 32.8 டி.எம்.சி. தண்ணீர் இருக்கும். அவ்வளவு தண்ணீருக்கும் சேர்த்து ஐந்து கிலோ போதும்.

அந்த ஏரியில் விரல் நீளச் சிறுமீன் இனம் ஒன்று ஏராளமாக இருந்தது. ஆண்கள் முட்டைக்கருச் சத்தைத் தயாரிக்கத் தொடங்கின, விந்துப்பை வளரவில்லை. குஞ்சு சேருவது நின்றது. இந்த மீனுக்கு ஆயுள் சில ஆண்டுகளே. ஆகவே கிழடு தட்டியவை மடிய, இடத்தை நிரப்பக் குட்டிமீன் இல்லாமல், இனமே ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய டிரவுட்டும் இரையின்றிக் குறைந்தது. ஹார்மோன் கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் சிறுமீன் மீண்டும் பெருகியது. இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. வருவது நின்றால் கேடும் நீங்குகிறது.

மாத்திரை ஹார்மோன் மிகவும் வலிமை வாய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பூச்சிமருந்துகளும் சோப்புத் திரவங்களும் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வலிமை குறைந்தவை. ஆனால் அவை ஆற்றில் இறங்கும் அளவும் அதைவிடப் பல மடங்கு அதிகம். பல பொருள்கள் சேர்ந்து வரும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிதாக இருந்தாலும் வேலை கூட்டாக நடக்கிறது.

கப்பல் பெயின்டும் கடல் நத்தையும்

போலி ஹார்மோன் எப்போதும் ஆணைப் பெண்ணாக்கும் என்பதில்லை. கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க, ட்ரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயப் பொருள் கலந்த பெயின்டை உலகெங்கும் அடித்துவந்தார்கள். 1970ல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகம் அருகே பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்திருப்பது கண்டறியப்பட்டது. அந்த உறுப்பு வளர்ந்து முட்டை வரும் வழியை அடைத்துவிட, நத்தை முட்டையிட முடியாமல் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு செத்தது. பிரான்சில் இதே பெயின்டால் சிப்பி வளர்ப்போர் பெரும் நஷ்டம் அடைந்தனர். 1982ல் அங்கு சிறு படகுகளுக்குத் தடை வந்தது. 1999ல் கோவாக் கடற்கரையின் நத்தைகளிலும் இந்தக் குறை இருப்பதை விஞ்ஞானிகள் தெரிவித்தனர். குஜராத் கரையிலும் இது பதிவாகியுள்ளது.

மீனும் தப்பவில்லை. ஜப்பானில் பெண்ணாக வளர வேண்டிய தட்டை மீன் குஞ்சுகளுக்கு இந்தப் பொருளைச் சிறிதளவு தீவனத்தில் கொடுத்துப் பார்த்தபோது கால் பங்குக்கு மேல் ஆணாகிவிட்டன. கடைசியில் 2001ல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்து, 2008 முதல் கப்பல்களில் இந்தப் பெயின்ட் கூடாது என்று விதித்தன. பல துறைமுகங்களில் நத்தைகள் திரும்ப வந்துள்ளன.

நம் வயலில் இருந்து

விவசாயத்தில் பயன்பட்ட மருந்துகளில் ஹார்மோனைக் குலைப்பவை என்று முதலில் தெரிந்தவை பழைய குளோரின் வகை மருந்துகள். டி.டி.டி., பி.எச்.சி., எண்டோசல்பான் ஆகிய பெயர்கள் மூத்த விவசாயிகளுக்கு நன்கு தெரிந்தவை. டி.டி.டி.யின் ஒரு கூறு பெண் ஹார்மோனைப் போல நடிக்கிறது; அது சிதைந்து உண்டாகும் இன்னொரு பொருள் ஆண் ஹார்மோனுக்குரிய பூட்டை அடைக்கிறது. மெடாக்கா என்பது ஜப்பானின் நெல்வயல் மீன். ஆணாகப் பிறக்க வேண்டிய மெடாக்காவின் கருவுக்குள் அந்த முதல் கூறைச் செலுத்தியபோது அது பெண்ணாக வளர்ந்து முட்டையும் இட்டது.

வயலில் இட்ட மருந்து கடலுக்கு எப்படிப் போகிறது என்பதைத் தமிழ்நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். 1980களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆராய்ச்சியாளர்களும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வெள்ளாற்றுப் பகுதியில் நெல்வயலில் பி.எச்.சி. இட்டுச் சோதித்தனர். நம் வெயிலில் மருந்தின் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில் போய்விட்டது. மீதியில் சிறு பங்கு வடிந்து வெள்ளாற்றின் வழியே கழிமுகத்தை அடைந்தது. மழைக்காலத்தில் ஆற்று நீரில் இதன் அளவு கூடியது. காசு கொடுத்து வாங்கிய மருந்து பூச்சியின்மேல் படாமல் காற்றோடு போனது என்பதும் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்துவது 1989லும், பி.எச்.சி. 1997லும் தடை செய்யப்பட்டன. எண்டோசல்பானை 2011ம் ஆண்டு மே 13ந் தேதி உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதற்கு முன் கேரளாவின் காசர்கோடு பகுதியில் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுக்கும் மேலாக ஹெலிகாப்டர் மூலம் அதைத் தெளித்துவந்தனர். அந்தத் தோட்டங்களின் அடிவாரத்தில் வாழ்ந்த சிறுவர்களை அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் சோதித்து 2003ல் முடிவை வெளியிட்டனர். அவர்களின் இரத்தத்தில் எண்டோசல்பான் இருந்தது. மருந்து படாத ஊர்ச் சிறுவர்களைவிடப் பருவமடைதல் தாமதப்பட்டிருந்தது. மீனின் பூட்டும் மனிதனின் பூட்டும் ஏறக்குறைய ஒரே அமைப்பு என்பதை மறக்கக் கூடாது.

மல்லிகைக்கு அடித்த சிலந்தி மருந்து

சத்தியமங்கலம் வட்டாரம் மல்லிகைக்குப் பெயர்பெற்றது. மல்லிகை, மிளகாய், கத்தரி ஆகியவற்றில் சிவப்புச் சிலந்திப்பேனுக்கு டைகோபால் என்ற மருந்து நீண்ட காலம் சிபாரிசில் இருந்தது. இது டி.டி.டி.யிலிருந்தே தயாரிக்கப்படுவது; அதன் மிச்சமும் இதில் இருக்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1980ல் ஒரு மருந்துத் தொழிற்சாலையிலிருந்து இது அப்போப்கா ஏரிப் பகுதியில் கொட்டிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே முதலைக் குட்டிகள் வெகுவாகக் குறைந்தன. பொரித்த ஆண் குட்டிகளின் உறுப்பு சிறுத்தும், ஆண் ஹார்மோன் குறைந்தும் இருந்தன. மாயாற்றிலும் பவானிசாகரிலும் கிடக்கும் முதலைகளுக்கு அவை தூரத்து உறவு.

இந்தியாவில் டைகோபால் 2023ல் தடை செய்யப்பட்டது. ஆனால் தடை உத்தரவு வந்ததால் பரண்மேல் இருக்கும் பாட்டில் காலியாகிவிடாது. வீணாகிறதே என்று அதை அடித்துத் தீர்ப்பது சரியல்ல. மல்லிகையில் சிலந்திப்பேனுக்கு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் தெளித்தால் போதும், விலையும் குறைவு. உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும், ஆகவே காலையிலோ மாலையிலோ அடிக்க வேண்டும்.

மக்காச்சோளத்திலும் கரும்பிலும் களைக்குப் பயன்படும் அட்ரசின் பற்றியும் ஒரு வார்த்தை. தவளைகளில் இது என்ன செய்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே பெரிய சண்டையே நடந்துள்ளது. மீனைப் பொறுத்தவரை, 2010ல் அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் துறையினர் செய்த தொட்டிச் சோதனையில், அட்ரசின் கலந்த தண்ணீரில் வளர்ந்த சிறுமீன்கள் குறைவான முட்டைகளே இட்டன. நிலத்தடி நீரில் தங்குகிறது என்பதால் ஐரோப்பிய நாடுகள் 2004ல் இதை விலக்கிவிட்டன. கிணற்றுப் பாசனத்தை நம்பியிருப்பவர்கள் சிபாரிசு செய்த அளவுக்கு மேல் ஒரு சொட்டும் போடாமலிருப்பது நலம்.

சோப்பும் சாயமும்

யார்க்ஷயரில் தொல்லை கொடுத்த நோனைல்ஃபீனால் நம் ஆறுகளிலும் உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய ஆறுகளின் தண்ணீரைச் சோதித்து, இந்த வகைப் பொருள்களும், பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்பீனால் என்னும் பொருளும் இருப்பதை 2014ல் வெளியிட்டனர். துணி ஆலைகளில் நூல் கழுவவும் சாயம் ஏற்றவும் இந்தச் சோப்புத் திரவங்கள் பயன்பட்டுவந்துள்ளன. ஐரோப்பிய நாடுகள் 2021 பிப்ரவரி 3 முதல், துவைத்து உடுத்தும் துணிகளில் இது அளவுக்கு மேல் இருந்தால் இறக்குமதியை ஏற்பதில்லை. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் மாறியது வாங்குபவரின் இந்தக் கண்டிப்பால்தான் என்றால் தவறில்லை. உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யும் பட்டறைகளுக்கும் அதே கண்டிப்பு வந்தால்தான் ஆற்றுக்கு நன்மை.

இதே வகைப் பொருள் பூச்சிமருந்தோடு கலக்கும் சில ஒட்டும் திரவங்களிலும் இருக்கிறது. பாட்டிலில் உள்ள மருந்தின் பெயரை மட்டும் பார்க்கிறோம். ஒட்டும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வேப்பெண்ணெய் போன்றவற்றுக்குக் காதி சோப்புக் கரைசலே போதுமானது.

ஆற்றுக் கேட்டுக்கு விவசாயியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. ஆற்றங்கரை ஊர்களின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் இறங்கும்வரை, மனிதர் உடலிலிருந்து வரும் ஹார்மோனும் மாத்திரை ஹார்மோனும் இறங்கத்தான் செய்யும். அது நகராட்சிகளும் அரசும் செய்ய வேண்டிய வேலை. வயலிலிருந்து போவதை நிறுத்துவது விவசாயியின் கையில் உள்ளது.

விவசாயி செய்யக்கூடியது

தெளிப்பானை வாய்க்காலிலோ பள்ளத்திலோ கழுவுவதுதான் பெரிய தவறு. ஒரு மழை வயலிலிருந்து கழுவிக்கொண்டு போவதைவிட, ஒரு டேங்க் கழுவிய தண்ணீர் அந்த இடத்து மீனுக்கு அதிகக் கேடு செய்யக்கூடும். டேங்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதை அடித்த பயிரின்மேலேயே தெளித்துவிட வேண்டும். இப்படி மூன்று தடவை செய்தால் தெளிப்பானும் சுத்தமாகும், மருந்தும் வீணாகாது. காலி பாட்டிலையும் மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்ற வேண்டும். பிறகு பாட்டிலை ஓட்டை போட்டுவிட்டால் வீட்டு உபயோகத்துக்கு யாரும் எடுக்கமாட்டார்கள்.

வாய்க்காலை ஒட்டிய வயல்களில் கரையிலிருந்து பதினைந்து, இருபது அடிக்கு மருந்து அடிக்காமல் விட்டு, அந்த இடத்தில் தீவனப்புல் வளர்க்கலாம். மாட்டுக்குத் தீவனமும் ஆயிற்று. வடியும் தண்ணீரை மண்ணோடு தடுக்கவும் செய்யும். குளோரின் வகை மருந்துகளின் மிச்சம் மண் துகளில் ஒட்டிக்கொண்டே ஆற்றுக்குப் போகிறது என்பதால், மண் அரிப்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தாளவாடி போன்ற சரிவு நிலங்களில் சரிவுக்குக் குறுக்காக உழுவது இதற்காகவும் நல்லது.

மேகம் திரண்டிருக்கும்போது மருந்து அடிக்கக் கூடாது. மல்லிகையில் வாரம் தவறாமல் அடிப்பது சிலரிடம் வழக்கமாகிவிட்டது. மொட்டுப்புழுவின் சேதம் எவ்வளவு என்று பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அடித்தால் செலவு குறையும். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிப்பதால் பூச்சி அதிகம் சாவதில்லை. தண்ணீரில் இறங்கும் பொருள்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது.

பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்கள், மேல்வயலின் வடிகால் நேராகக் குட்டைக்குள் இறங்காதபடி சுற்றிலும் சிறு வரப்புப் போட்டு, முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிட வேண்டும். குஞ்சு விட்ட முதல் ஒரு மாதம் மிகுந்த எச்சரிக்கை தேவை. தாய்மீன் வைத்துக் குஞ்சு எடுப்பவர்கள், காரணமில்லாமல் சினை பிடிக்காத மீன்கள் அதிகமானால் ஊசிமருந்தின்மேல் பழி போடும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது.

மீன் சாப்பிடலாமா என்ற சந்தேகம் சிலருக்கு எழலாம். தாராளமாகச் சாப்பிடலாம். குழந்தைகளுக்கு இதைவிட மலிவான நல்ல புரதம் கிடைப்பது அரிது. பழைய குளோரின் மருந்துகள் மீனின் கொழுப்பில்தான் தங்கும் என்பதால், பெரிய மீன்களில் வயிற்றுப்பகுதிக் கொழுப்பையும் குடலையும் நீக்கிச் சமைத்தால் போதும்.

தடை செய்யப்பட்ட எண்டோசல்பான், டைகோபால், பி.எச்.சி. தூள் முதலியவை வீட்டில் மிச்சம் இருந்தால் அவற்றைக் குழி தோண்டிப் புதைக்கவோ, எரிக்கவோ, கிணற்றடியில் கொட்டவோ கூடாது. மூடி இறுக்கி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் தனியே வைத்து, எப்படி ஒப்படைப்பது என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்க வேண்டும். மாற்று மருந்துகள், அளவுகள் பற்றிய விவரங்களுக்குப் பவானிசாகர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தையும், பண்ணைக்குட்டை மீன்வளர்ப்பு பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தையும் விவசாயிகள் அணுகலாம்.